சவரி தெளிய வைத்த புட்டி

கம்பவுண்டர் சவரி போய்விட்டார் என்ற செய்தியை, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்து நின்றபோது காசிம் சொன்னான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தொழிற்சாலையில் அவர் படத்துக்கு மாலை போடப் போகிறார்களாம். அவரை வெளியே தள்ளிய அதே கைகள்!

சவரியை அறிந்தவர்களே, திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் அந்த மார்கழிக் காலை உங்களுக்கும் நினைவிருக்கும். இரும்புத் தகடு சரிந்து காசிமின் தலையில் விழுந்தது. முந்தின நாள்தான் வியாசர்பாடிக் குத்துச்சண்டைக்காரன் ஒருவனைச் சாய்த்ததாக அளந்துகொண்டிருந்தான். அதை யார் பார்த்தார்கள்? விடுங்கள். அடிபட்டவனுக்குப் பேச்சில்லை, ஒரே வாந்தி. தொழிற்சாலை டாக்டர் மானிட்டால் என்ற மருந்தை நரம்பில் ஏற்றச் சொன்னார். மருந்தறையில் இருந்த ஒரே புட்டிக்குள், அந்த மருந்து குளிருக்குக் கற்கண்டுத் தூள் போலப் படிந்திருந்தது.

“கெட்டுப்போச்சு, தூக்கிப் போடு,” என்றார் மேலாளர்.

“கெடல சார், குளுருக்கு ஒறஞ்சிகீது,” என்ற சவரி கேண்டீனுக்கு ஓடினார். டீ பாய்லரின் வெந்நீரை வாளியில் பிடித்து, புட்டியை அமிழ்த்திக் குலுக்கினார். வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

“இன்னாண்ணா, டீ போடுறியா?”

“சக்கர சாதிதான் நைனா. ஆனா ஒடம்பு இத்த துன்னாது. மூள வீங்கிகீதில்ல, அந்தத் தண்ணிய இஸ்துகினு ஒண்ணுக்கா வெளிய பூடும்.”

துகள் ஒன்றுகூட இல்லாமல் தெளிந்து, சூடும் ஆறிய பிறகே டாக்டரிடம் கொடுத்தார். டாக்டர்தான் ஏற்றினார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியிலேயே காசிம் கண் திறந்து, “எவன்டா என் லுங்கிய நனச்சது?” என்றான்.

மறுவாரம் விசாரணை. கெட்ட மருந்தைக் கேண்டீனில் காய்ச்சினாராம் சவரி. மேலாளர் சொன்னது தப்பாகிவிடக் கூடாதே! டாக்டர் வாய் திறக்கவில்லை. குமாஸ்தா என்னிடம் ஒரு தாளை நீட்டி, “நீ வாளி புட்சேன்னு எழுதிகீது,” என்றான். உண்மைதானே என்று கட்டைவிரலை அழுத்தினேன். மருந்து கெட்டது என்று நான் தடுத்தும் சவரி கேட்கவில்லை என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. என் விரல்தான் அவர் வேலையைப் பறித்தது.

ராயபுரத்தில் அவர் வீட்டு வாசலில் தலைகுனிந்து நின்றேன்.

“வுடு நைனா. உனுக்குப் படிக்கத் தெரியாது. படிச்ச அந்தாளு கம்முனு கீறாரே, அதான் பேஜாரு,” என்றார்.

மாலை போடும் கூட்டத்தில் அந்த டாக்டர் பேசுவாராம். நான் போகமாட்டேன். சவரியிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அன்று என் கண்ணால் பார்த்தது மட்டும்தான். அதை என் மகள் எழுதினாள். காசிம் இரண்டு தடவை படித்துக் காட்டினான். மருந்து கெட்டுப்போகவில்லை. இந்தத் தாளில் விரல் வைக்கிறேன்.