கோர்ட்டு உச்சியில் ஒரு கூவல்

போன வாரம் உங்களைச் சந்திக்க முடியவில்லை. நானும் என் மனைவியும் பட்டணம் பார்க்கப் போயிருந்தோம். கொல்லிமலையில் மிளகு போடுகிறவனுக்குப் பட்டணத்தில் என்ன வேலை என்பீர்கள்...

எங்கள் ஒரே மகன் பொன்னுச்சாமி, போன தை மாதம் காளப்பநாயக்கன்பட்டியில் லாரி ஏறிப் போனவன். அப்புறம் சேதி இல்லை. பட்டணத்தில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். பெற்றவளுக்கு அது போதாதா?

கோட்டை, மியூசியம், ரயில்வே ஸ்டேஷன் — எல்லாம் பார்த்தோம். பார்த்தோம் என்றா சொன்னேன்? மற்றவர்கள் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார்கள். நாங்கள் அவர்கள் முகத்தைப் பார்த்தோம்.

கடைசி நாள் பெரிய கோர்ட்டு. அதன் உச்சியில், கப்பலுக்கு வெளிச்சம் காட்டும் கோபுரம். ஜனங்கள் ஏறிப் பார்க்கலாம். ஏறினோம். ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் ஊர்.

"ஏனுங்க, இங்கிருந்து கூவட்டுங்களா?" என்றாள்.

மலைமேல் எங்கள் குண்டூர் நாட்டில் ஆள் காணாவிட்டால், பாறை மேல் ஏறிப் பேர் சொல்லிக் கூவுவோம். காதில் விழுந்தவர் யாரானாலும் பதிலுக்குக் கூவ வேண்டும். எந்தப் பக்கமிருந்தும் பதில் வராவிட்டால் — போனவன் போய்விட்டான் என்று தலை முழுகிவிடுவோம். அவன் போனதிலிருந்து மலையில் அவள் அந்திதோறும் கூவுவாள்; யாராவது பதில் கூவிக்கொண்டுதான் இருந்தார்கள்.

"வேண்டாம் புள்ள" என்பதற்குள் கூவிவிட்டாள்.

"பொன்னுச்சாமீ..."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "இன்னாம்மா, கேஸ் கூப்புடுறியா? அதுக்குக் கீழே டவாலி இருக்கான்" என்றான் காவல்காரன்.

கீழே டிராம் மணியடித்துக்கொண்டு போனது. அத்தனை ஜனத்தில் ஒருவர்கூட நிமிரவில்லை.

எங்கள் மலைச் சாமி அறப்பளீசுவரனை நினைத்துக்கொண்டு, அவள் கண்ணில் படாமல் சில படிகள் இறங்கி, நானே பதிலுக்குக் கூவினேன்.

மெதுவாக இறங்கி வந்தாள்.

"உங்க கொரல் எனக்குத் தெரியாதுங்களா?"

அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

ஊர் வந்து சேர்ந்த அன்றே சுனைக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. என்ன சொல்லித் தடுப்பேன்? கூப்பிட்ட குரலுக்குச் சாமியாவது பதில் சொன்னதா?

பட்டணம் எப்படி இருந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். கட்டடமெல்லாம் நல்ல உயரம்தான்... ஏறிக் கூவத்தான் ஆகாது.