தாத்தா கட்டிய சிங்கப்பூர்ப் புலி

என் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. இன்றைக்குத் தில்லை நகரில் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை இரண்டு மாடியில் நடக்கிறது. பி.இ. முடித்த பையன்கள் காலையில் வந்ததும் லேப்டாப்பை நீட்டி, “சார், இதை ஒரு தடவை பாத்துடுங்க” என்கிறார்கள். பார்த்துவிடுகிறேன். தலை சீக்கிரமே நரைத்துவிட்டதால் கடைத்தெருவில் எல்லோரும் என்னைப் ‘பெரியவரே’ என்று கூப்பிடுகிறார்கள். நானும் மறுப்பதில்லை. பெரியவன்தானே.

ஆனால் என் திறமையை உலகம் முதன்முதலில் பார்த்தது ஸ்ரீரங்கத்தில், மாமாவின் பிரவுசிங் சென்டரில், என் சித்தியின் கல்யாணத்தை நான் நடத்தி வைத்த அன்றுதான். நடத்தி வைத்தது நான்தான். தாலி கட்டியவர் வேறு ஒருவர். அது சின்ன வேலை.

பிரவுசிங் சென்டர் என்றால் இப்போதைய பிள்ளைகள் விழிக்கிறார்கள். கையிலேயே நெட் இருக்கிறது, பாவம், அவர்களுக்கு என்ன தெரியும். அப்போது டெலிபோன் ஒயரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் மாட்ட வேண்டும். அது பூனைகள் சண்டை போடுகிற மாதிரி கத்தும். கத்தி முடித்தால் நெட் வந்துவிட்டது என்று அர்த்தம். மாமா, அதாவது என் அம்மாவின் தம்பி, ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையைப் பிடித்து இப்படி ஒரு சென்டர் நடத்தினார். ஸ்கூல் விட்டால் நான் அங்கேதான். வீட்டில் கேட்டால், படிக்கிறேன் என்பேன்.

தாத்தா, அம்மாவைப் பெற்றவர், மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் அவர் ஆலைக்காரர். அவருக்கு மட்டும் அவர் ஆடு புலி ஆட்டக்காரர். நெல் காயவைக்கும் களத்தில் சுண்ணாம்பால் கோடு கிழித்து வைத்திருப்பார். மூன்று புலி, மற்றதெல்லாம் ஆடு. புலி ஆட்டைத் தாண்டிக் குதித்தால் ஆடு போச்சு. ஆடுகள் எல்லாம் சேர்ந்து புலிகளை நகர விடாமல் மடக்கினால் புலி கட்டுப்பட்டது. தாத்தா எப்போதும் ஆட்டுப் பக்கம்தான் உட்காருவார். லாரி டிரைவர், வாத்தியார், தாசில்தார் ஆபீஸ் பியூன் என்று அவரிடம் கட்டுப்பட்ட புலிகள் அந்த வட்டாரத்தில் ஏராளம்.

சித்தியை இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டிருந்தார்கள். ஒன்று லால்குடிப் பக்கம் உரக்கடைக் குடும்பம். தெரிந்த மனிதர்கள், எட்டிப் பிடிக்கும் தூரம். இன்னொன்று காட்டூர்க் குடும்பம். மாப்பிள்ளை சிங்கப்பூரில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவர். ஜாதகம் வந்தது, போட்டோ வந்தது, ஆள் வரவில்லை. லீவு இல்லையாம்.

“போட்டோவைப் பாத்துக் குடுக்க இது என்ன ரேஷன் கார்டா?” என்று தாத்தா சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி சித்தி வைத்த ரசத்தில் உப்பில்லை. மறுநாள் சாம்பாரில் இரண்டு மடங்கு இருந்தது. சித்தி எந்தப் பக்கம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, தாத்தாவைத் தவிர.

அப்போதுதான் காட்டூர்க்காரர்கள் பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னார்கள். பையன் ஓய்வு நேரத்தில் ஆடு புலி ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் செய்து நெட்டில் போட்டிருக்கிறான், ஆடு நம்முடையது, புலியை அவன் புரோகிராமே நகர்த்தும், உலகத்தில் யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்று. முகவரியையும் கொடுத்தார்கள். தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப ஆளைப் பாக்க வேணாம். அவன் புலியைப் பாத்தாப் போதும். அவசரக்காரனா, நிதானக்காரனா, ஏமாத்துறவனா, எல்லாம் ஆட்டத்துல தெரிஞ்சிடும்.”

ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. சாயங்காலம் ராகு காலம் பிறப்பதற்குள் பார்த்து முடிக்க வேண்டும். புலி பிடித்தால் காட்டூர். பிடிக்காவிட்டால் அன்றைக்கே லால்குடிக்குச் சரி சொல்லிவிடுவது. மாமா என்னிடம் ரகசியமாகப் புலம்பினார். “டேய், அந்தப் புலி ஜெயிச்சா மாப்பிள்ளைக்குத் திமிர்னு சொல்வார். சும்மா தோத்துட்டா மாப்பிள்ளை மக்குனு சொல்வார். இவருக்கு எப்படிடா நான் மாப்பிள்ளை பாக்கறது?”

தாத்தா வந்த கோலத்தை மறக்க முடியாது. ஜரிகை வேட்டி, மேல் துண்டு. கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறவர் மாதிரியே மாடிப்படி ஏறி வந்து, தாம்பாளத்தை மானிட்டருக்கு முன்னால் வைத்தார். பின்னால் சித்தி முறுக்கு டப்பாவோடு நின்றாள்.

மாமா முகவரியைத் தட்டினார். பக்கம் மெதுவாகத் திறந்தது. மேலே தலைப்பு வந்தது. நடுவில் ஒரு சாம்பல் நிறக் கட்டம். அதன் மூலையில் சின்னதாகச் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான்.

“எங்கடா புலி?”

“வரும்ப்பா, இருங்க.”

“என்ன வரும்? பெருக்கல் போட்டுட்டானே! வேணாம்ங்கறானா?”

சித்தியின் முகம் அந்தக் கட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது.

விஷயம் இதுதான். அந்த ஆட்டம் படம் மாதிரி வெறுமனே பக்கத்தில் ஒட்டி வைத்ததல்ல. பக்கத்துக்குள் பொதிந்து வைத்த தனி புரோகிராம். அதை ஓட்ட பிரவுசருக்குத் தனியாக ஒரு துணைச் சரக்கு வேண்டும். கேசட் கையில் இருந்து டேப் ரிக்கார்டர் இல்லாத கதை. இன்று என் கடைப் பையன்களுக்கு நான் இதைப் பத்து வார்த்தையில் சொல்லிவிடுவேன். அன்று மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “ஜாவா கேக்குதுப்பா” என்றார்.

தாத்தாவுக்கு வந்ததே கோபம்! “ஜாவாவா? மோட்டார் பைக்கா கேக்கறான்? வரதட்சணை வேணாம்னு சொல்லிட்டு இப்ப பைக்கா? அதுவும் இந்தக் காலத்துல எவன்டா ஜாவா ஓட்டறான்?”

“ஐயோ, அது வேறப்பா!” என்று மாமா தலையில் அடித்துக்கொண்டு, அந்தச் சரக்கை நெட்டிலிருந்தே இறக்க ஆரம்பித்தார். நீலக் கோடு ஒன்று எறும்பு மாதிரி ஊர்ந்தது. அது ஊர, தாத்தா தன் கடிகாரத்தைப் பார்க்க, சித்தி கோட்டைப் பார்க்க, நான் முறுக்கைப் பார்க்க, ஒருவழியாகக் கோடு கடைசிக்குப் பக்கத்தில் வந்தது. அந்த நேரம் பார்த்துக் கீழ் வீட்டு மாமி படியேறி வந்தார். கட்டடமே அவருடையது. டெலிபோன் மட்டும் எங்களுடையது. அவருக்கு வருகிற போனும் அதில்தான் வரும்.

“ஏன்டாப்பா, பெங்களூர்லேர்ந்து என் பொண்ணு பேசறேன்னு சொல்லியிருக்கா. லைனையே பிடிச்சுண்டு உக்காந்தா அவ எப்படிப் பேசுவா? பெருமாளே, ரங்கா, நீயே கேளு!”

வீட்டுக்கார அம்மாவிடம் மாமா என்ன பேச முடியும்? ஒயரைப் பிடுங்கிப் போனில் மாட்டினார். நீலக் கோடு மறைந்தே போனது. மறுபடி முதலிலிருந்து. போன் உடனே அடித்தது. மாமி நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாகப் பேச ஆரம்பித்தார். பேரனுக்குப் பல் முளைத்ததிலிருந்து கதை தொடங்கியது.

தாத்தா தாம்பாளத்தைத் தூக்கினார். “போதும்டா. லால்குடிக்காரனுக்குச் சொல்லிடலாம். அவன் கடைக்குள்ள போனா மூட்டை மூட்டையா உரமாவது கண்ணுல தெரியும்.”

சித்தி ஜன்னல் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோள் லேசாக ஆடியது. அழுகிறாள் என்று எனக்கே புரிந்தது.

அந்த இடத்தில்தான் நான் நுழைகிறேன். எனக்கு இங்கிலீஷ் அன்றும் எழுத்துக்கூட்டித்தான் வரும், இன்றும் அப்படித்தான். ஆனால் ஒரு படத்தைப் பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காது. அந்தச் சரக்கை இறக்குகிற பக்கத்தில் ஆவி பறக்கிற ஒரு காபிக் கோப்பைப் படம் இருந்தது. அதே கோப்பையை நான் வேறெங்கோ பார்த்திருந்தேன். எங்கே? வாசலில்! கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு இனாமாக வரும் சி.டி.க்களை மாமா சணல் கயிற்றில் கோத்து, மாவிலைக்குப் பதிலாக சென்டர் வாசலில் தோரணம் கட்டியிருந்தார். வெயிலில் பளபளவென்று ஆடி, மாடியில் சென்டர் இருக்கிறது என்று தெருவுக்கே காட்டும்.

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். அங்கே இருந்தது, கோப்பைப் படம் போட்டது, ஒரு ஓரமாக, புறா எச்சத்தோடு.

“மாமா, இதுல இருக்கு!”

“மங்கள காரியத்துக்குத் தோரணத்தை அவுக்கறியேடா!” என்றார் தாத்தா.

“அவுத்தாத்தான் தாத்தா மங்களம்!” என்றேன். அந்த வயதிலேயே எனக்கு வாய் அப்படி.

சி.டி.யை மாமாவின் லுங்கியிலேயே துடைத்து உள்ளே தள்ளினேன். அது உறுமியது, விக்கியது, நின்றது, மறுபடி உறுமியது. மாமி பெங்களூரின் தண்ணீர்க் கஷ்டத்துக்கு வந்து சேர்வதற்குள் சரக்கு ஏறிவிட்டது. அவர் போனை வைத்ததும் பூனைகள் சண்டை போட்டன, நெட் வந்தது. பக்கத்தை எடுத்தோம்.

அதே சாம்பல் கட்டம். அதே பெருக்கல்.

அப்போது சித்தி பின்னாலிருந்து, முறுக்கு டப்பாவைத் திறந்துகொண்டே, ஏதோ விளையாட்டாகச் சொல்வதுபோல், “எல்லாத்தையும் மூடிட்டு மறுபடி திறந்து பாரேன்டா” என்றாள். மூடினேன். திறந்தேன். கட்டம் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு நடுவில் காபிக் கோப்பை வந்து ஆவி விட்டது.

“காபி குடிக்கவாடா வந்தோம்?” என்று தாத்தா ஆரம்பிக்கும்போதே கோப்பை மறைந்தது, பச்சைத் தரையில் வெள்ளைக் கோடுகளோடு ஆட்டக்களம் விரிந்தது. உச்சியில் மூன்று மஞ்சள் புலிகள். வாலை வேறு ஆட்டின.

“அடேயப்பா!” என்று தாத்தா எழுந்தே விட்டார். மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். கீழே இறங்கப் போன மாமியும் திரும்பி வந்து, “பெருமாளே, வால் ஆட்டறதே!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தாத்தா நாற்காலியை இழுத்து, சம்மணம் போட முடியாத குறையோடு உட்கார்ந்தார். மவுஸைத் தொடமாட்டேன், அது எலி மாதிரி இருக்கிறது என்றார். அவர் சொல்லச் சொல்ல, சித்தி பக்கத்தில் உட்கார்ந்து நகர்த்துவது என்று ஏற்பாடு. சுண்ணாம்பு விரலால் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டு, “இங்க ஒண்ணு வை, அங்க ஒண்ணு வை” என்றார். மானிட்டர் முழுக்கச் சுண்ணாம்புப் பொட்டு.

சிங்கப்பூர்ப் புலி லேசுப்பட்டதல்ல. பதுங்கியது, விலகியது, தாத்தா அசந்த நேரம் ஒரு ஆட்டை அடித்தது. “பய நிதானமாத்தான் இருக்கான்” என்றார் தாத்தா. இன்னொரு ஆடும் போனது. “கெட்டிக்காரன்டா” என்றார். மூன்றாவதும் போனது. அவர் மீசை துடித்தது. மாமா என்னைப் பார்த்தார். திமிர் என்ற வார்த்தை தாத்தாவின் உதட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

“இடது பக்கத்து ஆட்டை மேல ஏத்தும்மா” என்று சொல்லிவிட்டு, தாத்தா குனிந்து தாம்பாளத்தில் வெற்றிலை எடுத்துக் காம்பு கிள்ளினார். சித்தி வலது பக்கத்து ஆட்டை நகர்த்தினாள். நான் பார்த்தேன். ‘சித்தி, அது இல்ல’ என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயில் ஒரு முழு முறுக்கு வந்து அடைத்தது. புலி துள்ளி ஒரு மூலைக்குப் போனது. சித்தி இன்னொரு ஆட்டை டக்கென்று அதன் முன்னால் வைத்தாள். தாத்தா வெற்றிலையை மடித்து நிமிர்ந்தபோது இரண்டு புலிகள் மாட்டிக்கொண்டு நின்றன.

“பாத்தியா! நான் சொன்னேன்ல!” என்று தொடையைத் தட்டினார். மூன்றாவது புலியைக் கட்ட அவருக்கு வழி காட்டவே வேண்டியதில்லை.

“பய புத்திசாலி. என்னைத் திணற அடிச்சிட்டான்ல! ஆனா மாமனாரை விடக் கொஞ்சம் கம்மி. மாப்பிள்ளைக்கு அதுதான்டா லட்சணம்” என்று சொல்லி, ஒயரைப் போனுக்கு மாற்றச் சொன்னார். ராகு காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் காட்டூருக்குப் பேசிக்கொண்டிருக்க, மாமா படியிலேயே தேங்காயை உடைத்தார். மாமி உள்ளங்கை நிறையச் சர்க்கரை கொண்டுவந்து எல்லோர் வாயிலும் போட்டார். சித்தி சிரித்த சிரிப்பில் அந்த அறையே கொள்ளவில்லை.

இதற்கப்புறம் எத்தனையோ பேர் முதல்முதலாக மவுஸ் பிடிப்பதை நான் பார்த்துவிட்டேன். மேஜையை விட்டே ஓடிவிடும். அம்பு ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். சித்தியின் கை அன்று ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. தில்லை நகரில் அவள் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போய்க்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். காட்டூர்க்காரர்கள் கொடுத்த முகவரியை வைத்துக்கொண்டு அங்கே அவள் எந்தப் பாடம் படித்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் புலியோடு எத்தனை மதியங்கள் ஆடித் தோற்று, எந்த ஆட்டைக் காட்டினால் அது எந்த மூலைக்குத் துள்ளும் என்று கற்றிருந்தாளோ!

நானோ அன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் முதலில் சொன்னது இதுதான். எல்லாம் நல்லபடி முடிந்தது, ஆனால் சித்திக்கு இடது வலது தெரியாது, சிங்கப்பூரில் ரோட்டைத் தாண்ட ரொம்பக் கஷ்டப்படப் போகிறாள் என்று.