பெயர் மட்டும் மிஞ்சிய கோப்புகள்

என் வீட்டுக்காரர் கதவைப் பூட்டினால் நாலு முறை இழுத்துப் பார்ப்பார். பத்தடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து ஐந்தாவது முறையும் இழுப்பார். பதினெட்டு வருடமாக இவரோடு கிளம்பி நான் ஒரு பேருந்தையும் நேரத்துக்குப் பிடித்ததில்லை. இப்படிப்பட்டவர் கையால் அந்தக் காரியம் நடந்ததே என்று நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

இவருக்கு வேலை புரத ஆய்வுக்கூடத்தில். ரத்தத்தில் உள்ள புரதங்களைத் துண்டு துண்டாக எடைபோடும் கருவி ஒன்று அங்கே இருக்கிறது. ஒரு ஆளின் ரத்தத்துக்கு ஒரு கோப்பு. அவற்றைக் காப்பது இவர் பொறுப்பு. கூடத்தில் எல்லாருக்கும் இவர் 'கோப்பண்ணன்'. கருவி எழுதும் மூலக் கோப்பு இடத்தை அடைத்துக்கொள்ளும். கருவி செய்த கம்பெனியின் மென்பொருள் இல்லாமல் திறக்கவும் திறக்காது.

"அந்தக் கம்பெனி நாளைக்குக் கடையைச் சாத்திட்டா நாம என்ன பண்றது?" என்று சாப்பாட்டு வேளையிலும் புலம்புவார். நான் உம் கொட்டுவேன்.

ஒரு நாள் டிஸ்க் நிரம்பிவிட்டது. மேலாளர் இடம் பண்ணச் சொன்னார். இவர் பழைய கோப்புகளை எம்.ஜி.எஃப். என்ற வடிவத்துக்கு மாற்றினார். யாரும் திறந்து படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பு அது. சும்மா மாற்றவில்லை. மூலத்திலிருந்து வரும் புரதப் பெயர்களையும் புதியதிலிருந்து வருபவற்றையும் அருகருகே வைத்து மூன்று வாரம் ஒப்பிட்டார். ஒரு பெயர்கூடக் குறையவில்லை. அதன் பிறகே மூலத்தை அழித்தார். பாதுகாப்புக்காக வைத்திருந்த நகல் டிஸ்க்கோ, தலைவன் செய்வதை அப்படியே செய்கிற தொண்டன். மறுநாளே அங்கேயும் அழிந்தது.

நாலு மாதம் கழித்து சிறுநீரக டாக்டரம்மா வந்தார். ஆரோக்கியமாக இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடம் பல வருடங்களுக்கு முன் ரத்தம் எடுத்து அனுப்பியவர். பிறகு அவர்களில் பலருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. நோய் வருவதற்கு முன்பே ஏதாவது புரதம் கூடியிருந்ததா என்று தெரிந்தால், இனி வருகிறவர்களைக் காப்பாற்றலாம்.

"புரதத்தோட பேரெல்லாம் பார்த்தாச்சு. இனிமே அளவு பார்க்கணும். கருவி எழுதின ரா ஃபைலைக் குடுங்க" என்றார்.

அப்போதுதான் இவருக்கு உறைத்தது. கருவி முதலில் துண்டுகளை முழுசாக எடைபோட்டு எது எவ்வளவு என்று பதிகிறது. பிறகு சிலவற்றை உடைத்துச் சில்லுகளைப் பதிகிறது. பெயரைச் சொல்வது சில்லுகள், அளவைச் சொல்வது முதல் பதிவு. இவர் மாற்றிய வடிவத்தில் சில்லுகள் மட்டும்தான் வரும். பெயரை அத்தனை முறை சரிபார்த்தவர் அளவை ஒரு முறையும் பார்க்கவில்லை; அதுவரை அந்தக் கூடத்தில் யாரும் அளவு கேட்டதே இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? எடுத்த ரத்தமும் சொட்டு மிச்சமில்லாமல் கருவிக்குள் போய்விட்டிருந்தது.

"டிஸ்க் போயிடுச்சுன்னு சொல்லிடு. யாரு வந்து பார்க்கப் போறா?" என்றாராம் மேலாளர்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அதையேதான் சொன்னேன். "நீங்க என்ன திருடினீங்களா? வேலை போச்சுன்னா ரெண்டு பிள்ளைங்களையும் வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"டிஸ்க் மேல பழி போட்டா அந்தம்மா அதை ரிப்பேருக்கு அனுப்பிட்டு மாசக்கணக்கா காத்திருப்பாங்க. வராததுக்குக் காத்திருக்க வைக்கச் சொல்றியா?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் போய் உண்மையைச் சொன்னார். டாக்டரம்மா திட்டவில்லை. "ரத்தம் குடுத்தவங்களுக்கு முடிவு சொல்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். அவங்களுக்கு நீங்களே எழுதுங்க" என்று மட்டும் சொன்னாராம். கோப்புப் பொறுப்பைப் பறித்து இவரைப் பொருள் கிடங்குக்கு மாற்றினார்கள்.

இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்களையும் கையால் எழுதினார். உறையில் போட்டு ஒட்டியவள் நான். அவற்றில் முப்பத்தொன்று, 'அன்னாரின் குடும்பத்தாருக்கு' என்று போனவை. அவற்றை மட்டும் தனியாக அடுக்கி வைத்தேன்.

பத்தாம் நாள் ஒரு பெரியம்மா போன் செய்தார். குரல் எனக்கும் கேட்டது.

"கடிதாசி வந்துச்சு தம்பி. இதுக்குப் போய் இவ்வளவு மன்னிப்பா? ரத்தம்தானே, மறுபடி எடுத்துக்குங்க. டயாலிசிஸ் இல்லாத நாளாப் பார்த்துச் சொல்லுங்க, வந்துடறேன்."

இவர் போனை மறு காதுக்கு மாற்றினார். "இப்ப இருக்கிற ரத்தம் உதவாதும்மா. நோய் வர்றதுக்கு முன்னாடி எடுத்த ரத்தம்தான் வேணும்."

"அப்படியா" என்றார் அந்தப் பெரியம்மா. பிறகு, ஏதோ தன் மேல்தான் குறை என்பதுபோல, "அது இப்ப என்கிட்ட இல்லையே தம்பி" என்றார்.