அசேலியாவுக்கு ஒரு குரங்குக் குல்லாய்

எங்கள் கொல்கத்தாக் கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கும் பௌதி, அதாவது ஊருக்கெல்லாம் பொதுவான அண்ணி, பெங்களூருக்கு மகனைப் பார்க்கப் போகுமுன் ஓர் அசேலியாப் பூச்செடித் தொட்டியை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். நானாகக் கேட்டு வாங்கிய வினை. காளி பூஜைப் பந்தலில் அவர், "டார்ஜிலிங்லேருந்து கொண்டுவந்தது. மொட்டு வைக்குது, பூக்காமலே உதிர்ந்துடுது" என்று அலுத்துக்கொண்டார். கையில் கிச்சடித் தட்டு இருந்தால் எனக்கு வாய் தானாக நீளும். "எல்லாம் பராமரிப்புதான் பௌதி! என்கிட்ட விடுங்க, நீங்க திரும்பி வரும்போது பூத்திருக்கும்" என்று பந்தலே திரும்பிப் பார்க்கும்படி வங்காளியில் அறிவித்தேன்.

அதுவரை நான் வளர்த்தது ஒரு கறிவேப்பிலைச் செடி. அதிலும் மிஞ்சியது குச்சிதான்.

ஆரம்பம் நன்றாகவே இருந்தது. அசேலியாவுக்குப் புளிப்பு மண் வேண்டும், எங்கள் குழாயின் உப்புத் தண்ணீர் ஆகாது என்று படித்தேன். ஆகவே செடி ஃபில்டர் தண்ணீர் குடித்தது. லேக் மார்க்கெட் தமிழ்க் கடையில் வாங்கும் காப்பிப்பொடியின் வண்டலை ஒரு பிடி எடுத்து மண்ணில் கலந்தேன். வெயிலிலிருந்து பால்கனி நிழலுக்கு மாற்றினேன். மொட்டுகள் கொழுத்தன. கட்டடத்தில் என் நடையே மாறிப்போனது.

பிறகு டிசம்பர் வந்தது. கொல்கத்தாவில் காற்று லேசாகச் சில்லிட்டாலே ஊர் முழுக்கக் குரங்குக் குல்லாய்க்குள் போய்விடும். இத்தனை வருஷத்தில் நானும் ஊர்க்காரனாகிவிட்டேன். ஒரு காலையில் ஒரு மொட்டின் நுனி பழுப்பாக இருந்தது.

"குளிர் பட்டுடுத்து!" என்று அலறினேன்.

அன்று முதல் தினமும் இருட்டியதும் தொட்டி எங்கள் படுக்கையறைக்கு வந்தது. ஜன்னல் சாத்தப்பட்டது. செடிக்கு என் சால்வை. அதன் மேல் என் குல்லாய்.

"ஏன்னா, அது டார்ஜிலிங்ல பொறந்ததாக்கும். அங்கே யார் அதுக்குக் குல்லா மாட்டினா?" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. மொட்டு உதிர்றது பார்!"

உதிரத்தான் செய்தன. உதிர உதிர நான் இன்னும் இறுக்கிப் போர்த்தினேன். தூக்கத்தில் பௌதி பந்தலில் நின்றுகொண்டு, "பராமரிப்பா?" என்று ஒலிபெருக்கியில் கேட்டார்.

குல்லாய் செடியின் தலையில் இருந்ததால், விடியலில் தொட்டியை வெளியே தூக்கிவைத்த என் தலை வெறுந்தலை. சளி பிடித்தது, ஜுரம் வந்தது, படுத்துவிட்டேன்.

"தொட்டி..." என்று முனகினேன்.

"பால்கனியிலேயே கெடக்கட்டும். ஒரு ஆளுக்குத்தான் கஷாயம் போட முடியும்."

ஜுரம் விட ஒரு வாரம் ஆயிற்று; எழுந்தும் பால்கனிப் பக்கம் போக எனக்குத் தைரியமே வரவில்லை. மனைவிதான் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். தப்பிப் பிழைத்த மொட்டுகளெல்லாம் ராத்திரிப் பனியைக் குடித்து நிறம் ஏறியிருந்தன. ஒன்று விரியவே தொடங்கியிருந்தது. அது கேட்டதெல்லாம் கொஞ்சம் குளிர்தான். அதைத்தான் நான் அறைக்கு வெளியே வைத்துச் சாத்தியிருந்தேன்.

பௌதி வந்த அன்று தொட்டி கொள்ளாத இளஞ்சிவப்பு. "ஓ மா! என்ன பண்ணினீங்க?"

பராமரிப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

"செடியை வெளியில வச்சேன் பௌதி, இவரை உள்ள வச்சேன்" என்றாள் மனைவி. "ரெண்டும் பொழைச்சுது."

அடுத்த வருஷமும் தொட்டியை எங்கள் வீட்டில்தான் விடப்போவதாகப் பௌதி சொன்னார், என் மனைவியைப் பார்த்து.