தாழப் போகும் பந்து

ராம்ப்ரஸாத் கோல்ஃப் ஆடுகிறார் என்பதைச் சின்ன காஞ்சிபுரத்தில் முதலில் யாரும் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தெருவில் மற்ற ஆண்கள் கோயிலில் பாசுரம் சொல்லும் கோஷ்டிக்குக் கிளம்புவார்கள். இவர் மட்டைகள் அடுக்கிய ஆள் உயரப் பையைக் காரில் ஏற்றிக்கொண்டிருப்பார்.

"யாரை அடிக்கக் கிளம்பிட்டே, பிரஸாத்?" என்பார் எதிர்வீட்டு அழகியமணவாளன்.

ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் ராம்ப்ரஸாத்துக்கு வேலை. ஜப்பானிலிருந்து வந்த பெரிய அதிகாரிகள் வாரக் கடைசியில் ஏரியோரத்து மைதானத்தில் கோல்ஃப் ஆடுவார்கள். அவர்களோடு பழகத்தான் நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டார். ஆனால் சீக்கிரமே அது பித்தாகிவிட்டது. அவர் அடித்தால் பந்து வானத்துக்கு ஏறி, குழி இருக்கும் புல்தரையில் பூப்போல இறங்கும். பார்த்தவர்கள் கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டல் அவருக்கு வேண்டியிருந்தது.

மனைவி அம்ருதவல்லி பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். தனியாக வீட்டில் இருப்பானேன் என்று கூடவே போய், மரத்தடியில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவாள். ஒருநாள் எழுந்து வந்து, "நானும் ஒண்ணு அடிச்சுப் பாக்கட்டுமான்னா?" என்றாள். அடித்தாள். அதன் பிறகு தாள்களை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள். சுடிதார்தான் உடுப்பு. ஷூவை மட்டும் தெருவில் போட்டுக்கொள்ள மாட்டாள். மைதானத்துக்குப் போய்த்தான் மாட்டிக்கொள்வாள்.

அவளுக்குத் தோளில் பலம் குறைவு. பந்து முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பாது. புல்லை உரசிக்கொண்டு ஓடும். "எலி ஓடறது பாரு!" என்று ராம்ப்ரஸாத் எல்லார் முன்னாலும் சொல்லுவார். அவளும் சிரிப்பாள்.

வருடத்துக்கு ஒருமுறை கம்பெனியில் தம்பதிகளுக்கென்று ஒரு போட்டி. கல்பாக்கம் தாண்டி, கடலோரத்தில் இன்னொரு மைதானம். இங்கே ஏரிக்கரையில் இலை அசைந்தாலே காற்று என்பார்கள். அங்கேயோ வெயில் ஏற ஏறக் கடற்காற்று எழும்பி, குழியில் நட்ட கொடிக்கம்பத்தையே வளைக்கும். ராம்ப்ரஸாத்தின் உயரமான பந்துகளை அந்தக் காற்று பிடித்துச் சவுக்குத் தோப்பில் எறிந்தது. முதல் வருடம் தோற்றபோது, "இது கோல்ஃப் ஆடற இடமே இல்ல" என்றார். மறு வருடமும் அதையே சொன்னார்.

அம்ருதவல்லி அடுத்த போட்டிக்குள் தன் ஆட்டத்தை மாற்றியிருந்தாள். பந்தை வலது காலுக்குப் பக்கமாக வைத்துக்கொள்வாள். வழக்கத்தைவிடப் பெரிய மட்டையை எடுத்து, பிடியைக் கொஞ்சம் கீழே பிடித்து, பாதி வீச்சோடு நிறுத்திவிடுவாள். காற்று பலமாக அடித்தால் அவள் இன்னும் மெதுவாக அடிப்பாள். பந்து காற்றுக்கு அடியில் நுழைந்து போகும்.

அந்த வருடப் போட்டியில் இருவருக்கும் ஒரே பந்து. மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். அவர் தொலைத்ததை எல்லாம் அவள் மீட்டுக்கொண்டே வந்தாள். கடைசிக் குழிக்கு வரும்போது முதலிடத்தில் இன்னொரு ஜோடியோடு சமமாக இருந்தார்கள். ஆட்டத்தை முடித்தவர்கள் எல்லாரும் வந்து சுற்றி நின்றார்கள். காற்று நேர் எதிரில்.

அம்ருதவல்லியின் முதல் அடி ஆட்டப் பாதையின் நடுவில் ஓடி நின்றது. அடுத்தது ராம்ப்ரஸாத்தின் முறை. பை தூக்கி வந்த மாணிக்கவேல், "சார், காத்து மூஞ்சிக்கு நேரா வந்துக்கினு இருக்குது. பெரிசா எடுங்க" என்று ஐந்தாம் நம்பர் மட்டையை நீட்டினான்.

"ஏன்னா, பாதி வீச்சு போறும். தரையோட விடுங்கோ" என்றாள் அம்ருதவல்லி.

அவள் அதைத் தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். ஆனால் தமிழ் தெரிந்த பெரிய அதிகாரி ஒருவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ராம்ப்ரஸாத் பந்தை உயரத் தூக்கும் சின்ன மட்டையான எட்டாம் நம்பரை உருவினார். முழு வீச்சு. பந்து அழகாக ஏறியது. ஏறி, அங்கேயே நின்றது. பிறகு பின்னால் சாய்ந்து சவுக்குத் தோப்பில் விழுந்தது.

கிளைகளுக்கு அடியில் குனிந்து அவள் அதை உருட்டிப் புல்தரையில் கொண்டுவந்து சேர்த்தாள். மிச்சத்தை அவர் குழியில் தள்ளியிருந்தால் சமன். தள்ளினார்; பந்து குழியின் விளிம்பைத் தொட்டு விலகியது. அதிகாரி சிரித்துக்கொண்டே, "அடுத்த வருடம் எல்லா அடியும் மேடமே அடிக்கட்டும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

கார் செங்கல்பட்டு தாண்டியதும் ராம்ப்ரஸாத் சொன்னார்: "எல்லார் எதிர்லயும் எனக்கு நீ பாடம் எடுக்க வேண்டாம். ஒன்னோட ஆட்டம் ஆட்டமே இல்ல. பாக்கறவாளுக்கு வேடிக்கை, அவ்ளோதான்."

அம்ருதவல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாலாஜாபாத் வந்ததும், "பால் வாங்கிண்டு போயிடலாம்" என்றாள்.

அடுத்த ஞாயிறு, "நீங்கோ போய்ட்டு வாங்கோ, எனக்கு வேலை இருக்கு" என்றாள். கோபம் தணிந்தால் தானே வருவாள் என்று அவர் போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். கூப்பிட வேண்டும் என்று நினைப்பார். கூப்பிட்டால் தான் சொன்னது தப்பு என்று ஆகிவிடும். வருடங்கள் அப்படியே போயின. பெண் ஸஹானாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. பள்ளி மாடிப்படியில் விழுந்து அம்ருதவல்லிக்கு வலது தோள் முறிந்து, தகடு வைத்தார்கள். எலும்பு கூடியது.

போட்டியைத் தம்பதிகளுக்கு என்றில்லாமல் தனியாள் போட்டியாக மாற்றியிருந்தார்கள். கடலோரத்தில் அவர் ஒவ்வொரு வருடமும் கடைசி வரிசையில்தான். ஓய்வு பெறும் வருடத்திலாவது மானத்தோடு முடிக்கலாம் என்று ஒரு பயிற்சியாளரிடம் போனார். அந்தப் பையன் பந்தை வலது காலுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தான். பெரிய மட்டையைக் கொடுத்தான். "பாதி வீச்சு சார், அங்கயே நிறுத்துங்க" என்றான். ராம்ப்ரஸாத் மட்டையை ஊன்றியபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பையன், "என்ன சார், முதுகு பிடிச்சிருச்சா?" என்று கேட்டான்.

அந்த வருடம் அதே கடைசிக் குழியில், அதே எதிர்க்காற்றில், அவர் பந்து தரையோடு ஓடிப் புல்தரை ஏறிக் கொடிக்கு அருகே நின்றது. அம்ருதவல்லியிடம் காட்டுவதுபோல் பக்கத்தில் திரும்பினார். பையைச் சுமந்து வந்த யாரோ ஒருவர் நின்றிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை வாசலில் நின்று, "இன்னிக்கு ஒன்ன மாதிரி அடிச்சேன், அம்ரு" என்றார்.

"நன்னா போச்சா?"

"நன்னா போச்சு. நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. வர்ற ஞாயித்துக்கிழமை நீயும் வாயேன்."

அவள் அடுப்பைத் தணித்தாள். வலது கையைத் தூக்கிக் காட்டினாள். தோள் அளவுக்குக்கூட வரவில்லை. "இந்தக் கையை வெச்சுண்டா?"

அவருக்கு அது தெரியாததா? மேல் அலமாரி டப்பாவை அவர்தானே எடுத்துக் கொடுக்கிறார். மைதானத்தையும் இந்தக் கையையும் சேர்த்து நினைக்கத்தான் அவருக்குத் தோன்றியதே இல்லை.

"மொதல்ல கொஞ்ச காலம், ஞாயித்துக்கிழமை ஆனா ஷூவத் தொடச்சு வாசக் கதவுகிட்ட வெச்சிருப்பேன்" என்றாள் அம்ருதவல்லி. "ஒரு வார்த்தை வான்னு சொல்லியிருந்தேள்னா வந்திருப்பேன். அப்பறம் ஸஹானாவுக்குக் கொடுத்துட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ராம்ப்ரஸாத் பதில் தேடியிருப்பார். "பந்தைக் குழியில தள்ளறதுக்குக் கையைத் தூக்க வேண்டாமே, அதை மட்டுமாவது..." என்றார்.

"வேண்டாம்னா. எனக்கு அந்த ஆசை போயிடுத்து."

அவர் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். உள்ளே அவள் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.

"கையை அலம்பிண்டு வாங்கோ, ஆறிடப்போறது" என்று கூப்பிட்டாள்.