மைக்கில் விழுந்த மல்லாட்டை சட்னி

திண்டிவனத்தில் வீட்டிலிருந்தே கடைகளுக்கு, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிப் போடும் விளம்பரம் பேசிப் பதிவு செய்து கொடுக்கிறேன். மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் என் பழைய ஆடியோ பெட்டியைப் புது லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை. அதற்கான பழைய டிரைவர் மென்பொருளைத் தேடிப் பிடித்து ஏற்றியதும், பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. துள்ளிக் குதித்தேன்.

அன்று விழுப்புரத்தில் திறக்கவிருந்த டிபன் கடைக்கு விளம்பரம். லேப்டாப் ஃபேன் சத்தம் விழக் கூடாதென்று அதைச் சமையலறையில் வைத்துவிட்டு, நீள வயரில் மைக்கை மட்டும் அறைக்குள் கொண்டு போய்ப் பேசினேன். கடைக்காரர் அவசரப்படுத்தியதால் கேட்டுப் பார்க்காமலே அனுப்பிவிட்டேன்.

மாலையில்தான் போட்டுக் கேட்டேன். பதிவானது என் மைக்கில் அல்ல, லேப்டாப்பின் சொந்த மைக்கில்! என் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. அதற்கு மேல், தோசை சுட்ட மகளிடம் என் கணவர், "எம்மா, மல்லாட்டை சட்னி சூப்பரா கீது. இன்னும் ரெண்டு ஊத்து!" என்கிறார். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்குத்தான் மல்லாட்டை என்று பெயர். அதற்குள் ஆட்டோ ஊரையே சுற்றிவிட்டது.

பயந்துகொண்டே கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"பேஜாரு பண்ணிட்டீங்களேக்கா! வர்றவங்க எல்லாம் மல்லாட்டை சட்னி எங்கன்னு கேட்டுக்கினு நிக்கிறாங்க. அத எப்படி அரைக்கிறது, ஜல்தி சொல்லுங்க!"

செட்டிங்கில் இன்புட்டைப் பழைய பெட்டிக்கு மாற்றியதும் எல்லாம் சரியானது. இப்போதெல்லாம் நான் பச்சை விளக்கை நம்புவதில்லை. மைக்கை நகத்தால் சுரண்டி, அந்தக் கரகரப்பு பதிவில் கேட்ட பிறகே பேசுகிறேன். சாப்பாட்டுக் கடை விளம்பரம் என்றால் மட்டும் கணவரையும் மைக் முன்னால் உட்கார வைக்கிறேன், கையில் தோசைத் தட்டோடு.