எர்த் குழிக்கு ஊற்றிய உப்புத்தண்ணீர்

மூன்றாம் நம்பர் வீட்டு அக்காவின் சமையலறைக்குள் செருப்பு இல்லாமல் யாரும் போகக் கூடாது. எங்கள் வீட்டிலோ வாசலைத் தாண்டிச் செருப்பு உள்ளே வந்தால் அம்மா அதை எடுத்துத் தெருவில் எறிவாள். அங்கே எல்லாம் நேர்மாறு. கதவுக்குப் பின்னால் மூன்று ஜோடி ரப்பர் செருப்புகள் வரிசையாக இருக்கும். ஒன்று அக்காவுக்கு, ஒன்று அவள் வீட்டுக்காரருக்கு, நீலப் பட்டை வைத்த சின்ன ஜோடி எனக்கு. மாவு ஆட்டும் கிரைண்டர் பக்கம் நான் போவதாக இருந்தால், "செருப்பு எங்கடி?" என்று முதலில் என் காலைத்தான் பார்ப்பாள்.

அவர்கள் சிவகங்கைப் பக்கத்துக்காரர்கள். அந்த ஊரில் இப்படித்தான் போலிருக்கிறது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எதைப் பார்த்தாலும் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடும் வயது.

எங்கள் வீடு சிங்கப்பெருமாள் கோயிலில், ரயில்வே கேட்டைத் தாண்டி உள்ளே போகும் தெருவில் இருந்தது. பின்பக்க நிலத்தில் அப்பா ஐந்து வீடுகளை வரிசையாகக் கட்டி, தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அதுவரை உழுதுகொண்டிருந்த மனிதர். வாடகை வீட்டையும் வயலைப் போலவே நினைத்தார். ஒருமுறை சரியாக நட்டுவிட்டால் அது பாட்டுக்கு விளையும் என்று. அவருக்கு ஒயர், ஸ்விட்ச் சமாச்சாரம் எதுவும் தெரியாது. அதற்குத்தான் மாமா இருந்தாரே.

மாமா அம்மாவின் தம்பி. படாளத்திலிருந்து பைக்கில் வருவார். யாரோ ஒரு கான்டிராக்டரிடம் இரண்டு வருஷம் கையாளாக இருந்து வேலை கற்றவர். லைசென்ஸ் கிடையாது, வாய் உண்டு. ஐந்து வீட்டுக்கும் ஒயரிங் செய்தது அவர்தான். தெருவில் யார் வீட்டு ஃபேன் நின்றாலும் அவரைத் தேடி வருவார்கள். எனக்கு அவரைப் போல ஒரு ஆள் உலகத்தில் வேறு கிடையாது.

அந்த வருஷம் கோடையில் அப்பா மாடியில் புதிதாக ஐந்து அறைகள் கட்டி முடித்தார். பயிற்சிக்கு வரும் பெண்களைத் தங்கவைக்க ஒரு கம்பெனி அவற்றைக் கேட்டது. எல்லாம் பிடித்துப்போய்விட்டது. ஒரே ஒரு நிபந்தனை. அவர்கள் அனுப்பும் ஆள் வந்து கரண்ட் வேலை எல்லாவற்றையும் சோதித்து, ஆபத்தில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அப்பா இதைக் கேட்டுச் சிரித்தார். பெண் பார்க்க வருவதுபோல வீட்டையும் பார்க்க வருகிறார்களே என்று அம்மாவிடம் சொன்னார். மாமா சிரிக்கவில்லை. மாடிக்குப் போய், இரண்டு நாள் அங்கேயே இருந்து, ஒவ்வொரு ஸ்விட்ச் போர்டாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

சோதனைக்கு வரும் நாளன்று காலையிலேயே நான்கு பாக்கெட் கல் உப்போடு வந்தார். பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே தரையில் ஒரு சிமெண்டு மூடி இருந்தது. அதன்மேல் பச்சைப் பெயிண்டில் 'எர்த்' என்று மாமா எழுதிவைத்திருந்தார். அதைத் தூக்கினால் உள்ளே துருப்பிடித்த ஒரு குழாயின் வாயும் காய்ந்த மண்ணும்தான்.

"இதுக்கு தாகம் எடுக்குது பாப்பா. வாளில உப்ப கரைச்சு ஊத்திக்கினே இரு. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாத."

"எதுக்கு மாமா?"

"கரண்ட்டு வழி தவறிப் போச்சுன்னு வையி, மனுசன் மேல பாயாம இது வழியா மண்ணுக்குள்ள பூடும். அதுக்கு மண்ணு ஈரமா இருக்கணும்."

"உப்பு எதுக்கு?"

"ருசிக்கு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கையால் உப்பைக் கரைத்துக் கரைத்துப் பன்னிரண்டு வாளி ஊற்றினேன். பல் தேய்க்க வந்த அப்பா நின்று பார்த்துவிட்டு, "இன்னாடா பண்றீங்க ரெண்டு பேரும்?" என்றார். வெயில் காலத்தில் எர்த்துக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று மாமா சொன்னார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிப் பழகிய அப்பாவுக்கு அது நியாயமாகவே பட்டது.

தொட்டிக்குத் தண்ணீர் எடுக்க வந்த மூன்றாம் நம்பர் அக்கா, "என்னடி, மண்ணுக்குச் சாப்பாடா?" என்று கேட்டாள். ரகசியம் என்றேன். அவள் குழியைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். மாமா குனிந்து உப்புப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தார். அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பெரிய மீசையோடு ஒரு ஆபீசர் வருவார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். வந்தது ஸ்கூட்டியில் ஒரு ஒல்லியான பெண். மாடி அறைகள் ஐந்தையும் ஒன்றுவிடாமல் பார்த்தார். ஒவ்வொரு பிளக்கிலும் எதையோ செருகி, எதையோ எழுதிக்கொண்டார். பிறகு கீழே வந்து, எர்த் குழியிலிருந்து தள்ளித்தள்ளி இரண்டு இரும்புக் கம்பிகளைத் தரையில் அடித்து, ஒயர் மாட்டி, கைப்பிடி வைத்த ஒரு பெட்டியைச் சுற்றினார்.

"பரவாயில்லையே, ரீடிங் நல்லா வருது" என்றார். சொல்லிவிட்டுக் குழியைச் சுற்றி இருந்த ஈரத்தைப் பார்த்தார். மழை பெய்யாத வானத்தையும் ஒருமுறை பார்த்தார்.

"தொட்டி வழிஞ்சிடுச்சு மேடம்" என்றார் மாமா.

நான் பின்னால் நின்று உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அம்மா டீ கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பெண் மடியில் பேப்பரை வைத்து எழுதத் தொடங்கினார். கீழ் வீடுகளிலும் இதே ஒயரிங்தானா என்று அப்பாவைக் கேட்டார்.

"அதே கைதான் மேடம். நம்ம மச்சான் பண்ணது" என்று அப்பா மாமாவின் தோளில் தட்டினார்.

மூன்றாம் நம்பர் வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்ததால், அக்கா ஒரு மரப்பலகைமேல் செருப்புக் காலோடு நின்று மாவைத் தள்ளிவிடுவது நாற்காலியிலிருந்தே தெரிந்தது. அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, வீட்டுக்குள்ள செருப்பு?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். "கால்ல வெடிப்புங்க" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா பொய் சொல்கிறாள்; உண்மை எனக்குத் தெரியும்.

"இல்ல ஆன்ட்டி, அவங்க ஊர்ல அப்படித்தான். கிரைண்டர் போட்டா செருப்பு போட்டுக்கணும். எனக்கும் ஒரு ஜோடி வெச்சிருக்காங்க."

அந்தப் பெண் பேனாவை மூடினார். டீயைக் கீழே வைத்தார். எழுந்து நேராக மூன்றாம் நம்பர் வீட்டுக்குள் போனார். அப்பாவும் போனார், அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிறோம் என்று தன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு. அக்கா அப்போதுதான் தரையைக் கழுவியிருந்தாள். தண்ணீர் தேங்கி நின்றது. நான் என் நீலப் பட்டைச் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பெண் கைப்பிடிக்குள் சிறு விளக்கு வைத்த டெஸ்டரை எடுத்துக் கிரைண்டரின் எவர்சில்வர் உடம்பில் வைத்தார். விளக்கு சிவப்பாக எரிந்தது.

"சார், பாடியில கரண்ட் வருது."

அப்பா சிரித்தார். "அது சும்மா எரியும் மேடம். எங்க வூட்ல ஷாக்கா? நானே தொட்டுக் காட்டறேன், பாருங்க."

வெறுங்காலோடு அந்த ஈரத்தில் ஒரு அடி எடுத்து வைத்துக் கையை நீட்டினார்.

"மாமா! கைய வெக்காதீங்க!"

வாசலில் நின்ற மாமாவின் குரல் அது. அப்படி ஒரு கத்தலை அவரிடம் நான் கேட்டதே இல்லை.

"தொடாதீங்க மாமா! கீழ் வூட்ல எர்த்தே இழுக்கல!"

அப்பாவின் கை ஒரு சாண் தள்ளி அப்படியே நின்றது. அதற்குள் அந்தப் பெண் சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்துவிட்டிருந்தார். கிரைண்டர் கல் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

"இழுக்கலன்னா இன்னா அர்த்தம்?" அப்பா மெதுவாகத்தான் கேட்டார்.

"பச்சை ஒயரு பத்தல மாமா அன்னிக்கி. அப்பால வந்து போட்டுக்கலாம்னு… அப்படியே விட்டுப் போச்சு. மேல மட்டும்தான் சரியா கீது."

"மூணு வருஷமாவா?"

அப்பா அக்காவின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, ஷாக் அடிக்குதுன்னு நீயாச்சும் சொல்லக் கூடாதா?"

"சொன்னோம்ண்ணே" என்றாள் அக்கா. குரலில் கோபமே இல்லை. "ரெண்டு தடவ சொன்னாக அவுக. ஈரக் கையோட தொட்டா அப்படித்தான் இருக்கும், செருப்பு போட்டுக்கிட்டு ஆட்டுங்கன்னு நீங்கதான சொன்னீக."

சிவகங்கைப் பழக்கம் எங்கள் வீட்டிலிருந்துதான் போயிருந்தது. மாமா சொன்னதை அப்பா நம்பி, அப்பா சொன்னதை அவர்கள் நம்பி, ஒரு வருஷமாக அக்கா அந்தப் பலகைமேல் நின்று மாவு ஆட்டியிருக்கிறாள்.

அந்தப் பெண், "அப்புறம் ஏம்மா எங்கிட்ட வெடிப்புன்னு சொன்னே?" என்று கேட்டார். அக்கா தரையைப் பார்த்தாள். "இப்பப் போயி வேற வீடு தேட முடியாதுங்க" என்றாள். அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தார். குரல் தணிந்துவிட்டது.

"எத்தனை மாசம்?"

"அஞ்சு."

மறுபடியும் பொய். நான்தான் திருத்த வேண்டியிருந்தது. "அஞ்சு மாசம் இல்ல ஆன்ட்டி. இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அப்பா என்னையும் பார்க்கவில்லை, மாமாவையும் பார்க்கவில்லை. வெளியே போய் மெயின் ஸ்விட்சை இறக்கினார். எல்லா வீட்டு ஃபேனும் நின்றது. என்ன ஆச்சு என்று ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

அன்று கையெழுத்து கிடைக்கவில்லை. லைசென்ஸ் உள்ள ஆளை வைத்துக் கீழ் வீடு ஐந்தையும் புதிதாகச் செய்த பிறகு கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கிளம்பினார். போகும்போது என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "எரியுதா? நல்ல தண்ணில கழுவிட்டு தேங்காயெண்ணெய் தடவு" என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கை எரிவது அவருக்கு எப்படித் தெரியும்?

செங்கல்பட்டிலிருந்து ஒரு எலெக்ட்ரீஷியன் இரண்டு ஆட்களோடு வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் சுவரை வெட்டிப் பச்சை ஒயர் இழுத்தார். கரண்ட் கசிந்தால் தானாக விழுந்துவிடும் ட்ரிப்பர் ஸ்விட்ச் ஒன்றை வீட்டுக்கு ஒன்றாகப் பொருத்தினார். ஆள் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டிய பழைய எர்த் குழாயைப் பிடுங்கியபோது அது என் இடுப்பளவுகூட இல்லை. புதுக் குழியை மாமாதான் தோண்டினார். யாரும் சொல்லவில்லை, மண்வெட்டியோடு வந்து நின்றார். மூன்று நாள் தோண்டினார். சாப்பிட உள்ளே வரவில்லை. அம்மா தட்டைக் குழியருகே கொண்டுபோய் வைத்தாள். அப்பா அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியாட்கள் முன்னால் தன்னைப் பார்த்துக் கத்திவிட்டானே என்றுதான் அப்பாவுக்குக் கோபம் என்று நான் நினைத்தேன். மாமா பாவம் என்றும், அப்பா கொஞ்சம் பெரிய மனது பண்ணலாம் என்றும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, போய் வீட்டுப்பாடம் எழுது என்றாள்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்து, எல்லாவற்றையும் சோதித்துக் கையெழுத்துப் போட்டார். மாடிக்குப் பயிற்சிப் பெண்கள் குடிவந்தார்கள். அந்த ஆண்டே மாமா செங்கல்பட்டு எலெக்ட்ரீஷியனிடம் முதலிலிருந்து வேலை கற்கப் போனார்.

ஏழாம் மாதம் மூன்றாம் நம்பர் அக்காவுக்கு எங்கள் முற்றத்திலேயே வளைகாப்பு நடந்தது. 'அஞ்சு' என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அப்பா அன்று முழுக்க வெளியே வரவேயில்லை. ஆனால் அக்கா பிரசவத்துக்கு ஊருக்குக் கிளம்பியபோது, சொந்தக்காரர்களையே வாசலோடு வழியனுப்பும் மனிதர், அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை நடந்தார். ரயில் வரும்வரை பக்கத்தில் நின்றார். ஏறும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

"குழந்தைய எடுத்துக்கினு வந்துடும்மா. வூடு உனக்குத்தான்."

அக்கா தலையாட்டினாள்.

பெண் குழந்தை பிறந்தது. ஆனால் அவர்கள் திரும்பி வரவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் ஓசூர்ப் பக்கம் வேலை மாற்றிக்கொண்டு, சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார். அப்பாவின் கையைப் பிடித்து நன்றாகத்தான் விடைபெற்றார்.

அதன் பிறகு அந்த வீடு வெகுநாள் பூட்டியே கிடந்தது. வாரத்தில் எத்தனையோ பேர் கேட்டு வந்தார்கள். இப்போது விடுவதாக இல்லை என்று அப்பா சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார். அம்மா முணுமுணுத்துப் பார்த்து விட்டுவிட்டாள். எதிர்வீட்டுக்காரர்கள் என்னைக் கூப்பிட்டு, ஏன் உங்கப்பா அதை மட்டும் விடமாட்டேன் என்கிறார் என்று கேட்பார்கள். எனக்குப் பதில் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"எங்கப்பா கண்டவங்களுக்கு வுடமாட்டாரு. நல்ல ஆளா கெடைக்கணும்னு பாத்துக்கினு கீறாரு" என்று பெருமையாகச் சொல்வேன்.